நட்பு, சுதந்திரம், அண்டை: 1947இல் திருவிதாங்கூரைச் சுற்றி நடந்த சொற்போர்

1947 ஜூன் 11ஆம் நாள், ஆங்கில மேலாதிக்கம் நீங்கும்போது திருவிதாங்கூர் சுதந்திர நாடாக விளங்கும் என்று திவான் சர் சி.பி. இராமசுவாமி ஐயர் திருவனந்தபுரத்தில் அறிவித்தார். ஏறத்தாழ ஏழு வாரங்களில் அதே சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைய ஒப்புக்கொண்டது. இந்த ஏழு வாரங்களின் வரலாறு பல முறை எழுதப்பட்டுள்ளது. புன்னப்புர-வயலார் எழுச்சியின் தொடர்ச்சி, அரிசித் தட்டுப்பாடு, கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு, திவான் மீது நடந்த கொலைமுயற்சி எனக் காரணங்களை அடுக்குவது வழக்கம். அக்காரணங்கள் எவற்றையும் நான் மறுக்கவில்லை. அந்த நாட்களில் திருவனந்தபுரத்திலும் தில்லியிலும் இலண்டனிலும் தலைவர்கள் கையாண்ட சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

நான் முன்வைக்கும் கருத்து இதுதான். அரசதந்திர உரையில் ஒரு சொல்லின் பொருளை அகராதியும் சட்டநூலும் முழுமையாகத் தீர்மானித்துவிடுவதில்லை. அச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது, 'நாம்' என்னும் வட்டத்துக்குள் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. சி.பி.யின் வாதம் சட்டத்தின் தளத்தில் வலுவாகவே நின்றது. தன் சொந்த மக்களைக் கேட்போராகக் கொள்ளாததே அதன் பெரிய குறை. பதிவு நீளமானது, வகுப்பறை விவாதத்துக்கு உதவக்கூடும் என்பதால் ஆண்டுகளோடும் ஆவணங்களோடும் எழுதுகிறேன்.

1. 'நட்பு' என்ற சொல்லின் விலை

1947ஆம் ஆண்டின் சொற்களைப் புரிந்துகொள்ளப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடங்க வேண்டும். 1784இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் திப்பு சுல்தானுக்கும் இடையே மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் தஞ்சை மன்னரும் திருவிதாங்கூர் மன்னரும் கம்பெனியின் நண்பர்கள் என்ற வகையில் குறிக்கப்பட்டனர். கையெழுத்திட்டவர்களுள் திருவிதாங்கூர் இல்லை. ஆயினும் 'நண்பர்' என்ற அந்த ஒற்றைக் குறிப்பு பின்னர்ப் பெரும் வேலை செய்தது. 1789இன் இறுதியில் திப்புவின் படை திருவிதாங்கூரின் அரண்வரிசையைத் தாக்கியபோது, நண்பரைத் தாக்குவது தன்னைத் தாக்குவதே என்று கம்பெனி கொண்டது. மூன்றாம் மைசூர்ப் போருக்கு அதுவே வெளிப்படையான காரணமாயிற்று.

நட்புக்குரிய கட்டணம் அதன் பிறகு வந்தது. 1795இல் தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1805இல் பலராமவர்மாவின் காலத்தில் இரண்டாவது உடன்படிக்கை வந்தது. 'நிலையான நட்பும் கூட்டுறவும்' என்பது அந்த இரண்டாவது உடன்படிக்கையின் முகப்பு மொழி. ஒருவருடைய நண்பர் இருவருக்கும் நண்பர், ஒருவருடைய பகைவர் இருவருக்கும் பகைவர் என்று தொடங்கும் அதன் வாசகம் முழுச் சமத்துவத்தின் மொழி. உள்ளே செல்லச் செல்ல மொழி மாறுகிறது. திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். ஆங்கில அரசு வேண்டுமெனக் கருதி அவ்வப்போது அளிக்கும் அறிவுரையை மன்னர் எப்போதும் மிகுந்த கவனத்தோடு ஏற்க வேண்டும்.

இங்கே 'ஆணை' என்ற சொல் எங்கும் இல்லை. 'அறிவுரை' என்ற சொல்தான் இருக்கிறது. அறிவுரைக்குச் செவிசாய்ப்பது நட்பின் இயல்பு என்பதால் முகப்பில் உள்ள நட்பின் மொழிக்கும் இதற்கும் முரண்பாடு தோன்றுவதில்லை. நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. 1811இல் ஆங்கில ரெசிடென்டாகிய கர்னல் மன்ரோவே திவான் பொறுப்பையும் ஏற்றார். அறிவுரை கூறுபவரும் அதைக் கேட்டு நடப்பவரும் ஒரே மனிதரானார்கள்.

இதற்கிடையே 1809 ஜனவரி 11ஆம் நாள் வெளியான வேலுத்தம்பி தளவாயின் குண்டறை விளம்பரத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். வேலுத்தம்பி இன்றைய குமரி மாவட்டத்தின் தலக்குளத்தைச் சேர்ந்தவர். 1805 உடன்படிக்கை அவர் தளவாயாக இருந்த காலத்தில் ஏற்பட்டதே. கப்பப் பாக்கி பற்றிய நெருக்கடி முற்றியபோது, நட்பு என்ற சொல்லுக்குப் பின்னால் கம்பெனி செய்துவந்ததை அவர் மக்களிடம் எடுத்துரைத்தார். அந்த விளம்பரம் மக்களின் மொழியில், மக்களை நோக்கி எழுதப்பட்டது. தோல்வியில் முடிந்த எழுச்சியானாலும் இன்றுவரை பாடநூல்களிலும் மேடைகளிலும் நினைவுகூரப்படுகிறது. உடன்படிக்கையின் வாசகங்களையோ இன்று ஆய்வாளர்கள் மட்டுமே படிக்கிறார்கள். இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

2. 'பத்மநாபதாசன்'

திருவிதாங்கூரின் அரசதந்திர மொழிக்கு இன்னொரு வேரும் உண்டு. 1750இல் மார்த்தாண்டவர்மா தம் நாட்டை ஸ்ரீபத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். இந்நிகழ்வு திருப்படித்தானம் எனப்படுகிறது. அதன்பின் மன்னர்கள் பத்மநாபதாசன் என்ற பட்டத்துடன், இறைவனின் பெயரால் ஆட்சி செய்பவராகத் தம்மை அழைத்துக்கொண்டனர்.

பக்தியின் வெளிப்பாடாக மட்டும் இதைப் படிப்பது போதாது. சிறு நாடுகள் பலவற்றை வென்று சேர்த்த ஒரு புதிய அரசுக்கு இது உரிமைப் பத்திரமாகவும் பயன்பட்டது. நாடு இறைவனுடையது என்றால் அதை எதிர்ப்பது இறைத்துரோகமாகும். இறைவனுடையதை விட்டுக்கொடுக்கும் உரிமை மன்னருக்கும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் உள்நாட்டை நோக்கிப் பேசிய இந்தச் சொல், இருபதாம் நூற்றாண்டில் தில்லியை நோக்கிப் பேசத் தொடங்கியது.

3. 'காலாவதி' என்னும் சொல் திறந்த வாசல்

1946 மே 12ஆம் நாளிட்ட அமைச்சரவைத் தூதுக்குழுவின் குறிப்பாணை, சமஸ்தானங்கள் மீது ஆங்கில முடியரசு செலுத்திய மேலாதிக்கம் புதிய அரசுகளுக்குக் கைமாற்றப்படாது என்று கூறியது. ஆங்கிலேயர் விட்டுச் செல்லும்போது அது முடிந்துபோகும். சமஸ்தானங்கள் ஒப்படைத்திருந்த உரிமைகள் அவற்றிடமே திரும்பும். 1947 ஜூன் 3ஆம் நாள் திட்டம் இந்த நிலையையே உறுதிசெய்தது. ஜூலை 18ஆம் நாள் முடியரசின் ஒப்புதல் பெற்ற இந்திய விடுதலைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, சமஸ்தானங்கள் மீதான முடியரசின் மேலுரிமையும் அதனோடு உடன்படிக்கைகளும் காலாவதியாகின்றன என்றது.

'கைமாறுதல்' என்றும் சொல்லியிருக்கலாம். 'காலாவதி' என்று சொன்னார்கள். இந்தச் சொல்தேர்வில் ஆங்கில அரசுக்கு ஒரு வசதி இருந்தது. பழைய நண்பர்களாகிய மன்னர்களை நாங்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்று அது சொல்லிக்கொள்ள முடிந்தது. காலாவதிக்குப் பின் அந்த மன்னர்கள் யாராக இருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பும் அதற்கு இல்லாமற்போனது.

அந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்டவர்களுள் முதன்மையானவர் சி.பி. வந்தவாசியில் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர். அன்னி பெசன்டின் தன்னாட்சி இயக்கத்தில் பங்கேற்றவர். 1926, 1927ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் நாடுகளின் சங்கத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகச் சென்றவர். 1936 அக்டோபரில் திருவிதாங்கூர்த் திவானாகி, அடுத்த மாதமே கோயில் நுழைவு அறிவிப்பில் பெரும் பங்காற்றியவர். சட்டமொழியும் பன்னாட்டு மன்றத்தின் மொழியும் அறிந்த ஒருவர், அவ்விரண்டையும் ஒரு சிறு சமஸ்தானத்துக்காகப் பயன்படுத்திய அரிய தருணம் 1947.

அவருடைய வாதத்தின் படிகள் தெளிவானவை. திருவிதாங்கூர் ஆங்கிலேயரால் வெல்லப்பட்ட நாடல்ல. உடன்படிக்கையால் உறவு கொண்ட நாடு. உடன்படிக்கை முடிந்தால் முந்தைய நிலை திரும்பும். 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 60 லட்சம் மக்களும், நீண்ட கடற்கரையும் துறைமுகமும், வளமான வருவாயும் உள்ள நாடு தனித்து நிற்க முடியும். அதன் கடற்கரை மணலிலிருந்து கிடைக்கும் தோரியம் அணுயுகத்தில் உலகம் தேடும் பொருள். இவற்றுக்கும் மேலாக, நாடு பத்மநாபனுடையது. அதன் இறையாண்மையைத் துறக்க மன்னருக்கு உரிமையில்லை.

இவ்வாதத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கேட்போர் உண்டு. உடன்படிக்கை வாதத்தின் கேட்போர் இலண்டன். தோரிய வாதத்தின் கேட்போர் இலண்டனும் வாஷிங்டனும். பத்மநாப வாதத்தின் கேட்போர் மன்னர் குடும்பமும் மரபில் பற்றுள்ளோரும். அறிவிப்புக்குப் பின் பாகிஸ்தானை அமைத்துக்கொண்டிருந்த முஸ்லிம் லீகின் தலைமை அதை வரவேற்றது. அங்கே திருவிதாங்கூரின் பிரதிநிதி ஒருவரை அமர்த்தும் ஏற்பாடும் நடந்தது. பர்மா அரிசி 1942இல் நின்றுபோனதிலிருந்து பசியை அறிந்திருந்த ஒரு நாட்டுக்கு, சிந்துவின் அரிசி வெறும் குறியீடல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தனிநாட்டு வாதத்தை வெறும் ஆணவம் என்று ஒதுக்குவோர் இந்தப் பொருளியல் கணக்கைக் காண்பதில்லை.

4. தில்லியின் மூன்று மறுமொழிகள்

இவ்வாதத்துக்குத் தில்லியிலிருந்து வந்த மறுமொழிகள் மூன்று வகை. மூன்றும் மூன்று குரல்கள்; ஒவ்வொன்றும் ஒரு சொல்லைச் சார்ந்து நின்றது.

முதலாவது நேருவுடையது. ஜூன் 15ஆம் நாள் அகில இந்தியக் காங்கிரஸ் குழுக் கூட்டத்தில் அவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். இந்தியாவிலுள்ள எந்தச் சமஸ்தானத்தின் சுதந்திரத்தையும் ஏற்கமாட்டோம் என்பது ஒன்று. எந்த வெளிநாடு அதை ஏற்றாலும் அதை நட்புக்கு மாறான செயலாகக் கொள்வோம் என்பது மற்றொன்று. கேட்கும்போது மென்மையாகத் தோன்றும் இந்த 'நட்புக்கு மாறான செயல்' என்ற தொடர், பன்னாட்டு உறவுகளில் கடுமையான எச்சரிக்கை. 1823 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்றோ, புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிட்டால் அதைத் தம் நாட்டின் மீதான நட்பற்ற மனநிலையின் அடையாளமாகக் கொள்வோம் என்று தம் நாட்டுப் பேரவைக்கு அனுப்பிய செய்தியில் கூறியது இதே இலக்கணத்தில்தான்.

நேரு சி.பி.யோடு சட்டவாதம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாடு நாடாவது அதன் அறிவிப்பால் மட்டுமன்று, பிற நாடுகளின் ஏற்பாலும் ஆகும். ஆகவே அவர் திருவிதாங்கூரை விட்டுவிட்டு, அதை ஏற்கக்கூடியவர்களிடம் பேசினார். அதுவும் சுதந்திர இந்தியா என்னும் நாடு பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அந்நாட்டின் குரலில் பேசினார். அதே மாதத்தில் காந்தியும் தம் வழிபாட்டுக் கூட்ட உரைகளில் இத்தகைய அறிவிப்புகளைக் கண்டித்தார். விடுதலை பெறும் கோடிக்கணக்கான இந்தியர் மீது தொடுக்கும் போராக அவற்றை அவர் கண்டார்.

இரண்டாவது மறுமொழி பட்டேலுடையது. சமஸ்தானத் துறை அமைக்கப்பட்ட ஜூலை 5ஆம் நாள் அவர் வெளியிட்ட அறிக்கையில் எச்சரிக்கையின் சாயல் மிகக் குறைவு. சிலர் சமஸ்தானங்களிலும் சிலர் ஆங்கில இந்தியாவிலும் வாழ நேர்ந்தது தற்செயல். பண்பாட்டாலும் உறவாலும் அனைவரும் ஒருவரே என்பது அதன் அடிப்படை. அயலாராக உடன்படிக்கை செய்துகொள்வதைவிட, நண்பராகக் கூடி அமர்ந்து சட்டம் இயற்றுவது மேல் என்ற கருத்தை அது முன்வைத்தது.

என் பார்வையில் இந்த ஏழு வாரங்களின் மிகத் திறமையான சொல்லாட்சி இதுவே. 1784 தொடங்கித் திருவிதாங்கூருக்கு நட்பும் உடன்படிக்கையும் ஒன்றாகவே வந்திருந்தன. உடன்படிக்கைதான் நட்பின் சான்று. சமத்துவத்தின் சான்றும் அதுவே. சி.பி.யின் வாதம் முழுதும் இந்த இணைப்பின் மீது நின்றது. பட்டேலின் அறிக்கை அந்த இணைப்பை ஒரே வாக்கியத்தில் பிரித்துவிட்டது. நட்பைச் சட்டமியற்றும் அவையின் பக்கம் எடுத்துக்கொண்டு, உடன்படிக்கையை அந்நியத்தன்மையின் பக்கம் தள்ளியது. அதன்பின் உடன்படிக்கையை வற்புறுத்துபவர், தாம் அயலார் என்று தாமே ஒப்புக்கொள்பவராகிறார்.

மூன்றாவது மௌன்ட்பேட்டனுடையது. ஜூலை 25ஆம் நாள் மன்னர்கள் அவையில் ஆற்றிய உரையில், சட்டப்படியும் நுட்பப்படியும் நீங்கள் சுதந்திரமானவர்களே என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். சி.பி.யின் வாதத்தில் பாதியை அந்தப் பேரவையிலேயே வழங்கிவிட்டார் எனலாம். பின்னர், புவியியல் விதிக்கும் கட்டாயங்களிலிருந்து தப்ப முடியாது என்றார். அண்டையிலுள்ள ஆட்சியை விட்டு ஓட முடியாது. எந்த மக்களின் நலனுக்குப் பொறுப்போ அந்த மக்களை விட்டும் ஓட முடியாது என்பதே அவருடைய கருத்தின் சாரம். 'அண்டை' என்னும் சொல் இங்கே வேலை செய்கிறது. நண்பரைத் தேர்ந்தெடுக்கலாம், மாற்றலாம்; அண்டை வீட்டாரை அப்படிச் செய்ய முடியாது.

இலண்டனின் நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை நடுவில் பிரபுக்கள் அவையில் இந்தியாவுக்கான அமைச்சர் லிஸ்டோவல், எந்தச் சமஸ்தானத்தையும் தனியான பன்னாட்டு அமைப்பாக ஏற்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று, சொல்லவே தேவையில்லாத ஒன்றைச் சொல்வது போன்ற தொனியில் தெரிவித்தார். சட்டம் 'காலாவதி' என்று ஒரு வாசலைத் திறந்தது. அச்சட்டத்தை இயற்றிய அரசே அந்த வாசலுக்கு வெளியே யாரும் வரவேற்கக் காத்திருக்கவில்லை என்று அறிவித்தது. சட்டமொழியும் அரசியல்மொழியும் ஒரே வாயிலிருந்து எதிர்த்திசையில் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

5. பேசப்படாத கேட்போர்

இனி, திருவிதாங்கூருக்குள் என்ன சொல் புழங்கியது என்று பார்ப்போம். 1938இல் தோன்றிய திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசின் அடிப்படைக் கோரிக்கை பொறுப்பாட்சி. அதாவது, ஆட்சி நடத்துவோர் மக்கள் பிரதிநிதிகளின் அவைக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். சுதந்திரம் என்பது யாரிடமிருந்து என்ற கேள்வியை எழுப்பும் சொல்; பொறுப்பு என்பது யாருக்கு என்ற கேள்வியை எழுப்பும் சொல். சி.பி. முதல் கேள்விக்கு விடை வைத்திருந்தார். இரண்டாம் கேள்விக்கு 1946 ஜனவரியில் அவர் முன்வைத்த அரசியலமைப்புத் திட்டத்தில் விடை இருந்தது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. ஆனால் திவானை அவை நீக்க முடியாது.

அத்திட்டத்துக்கு 'அமெரிக்க மாதிரி' என்று பெயர் வந்தது. உலகப் போரில் வென்ற ஒரு குடியரசின் பெயர் வெளியுலகின் காதுக்கு நன்றாகவே ஒலித்திருக்கும். உள்நாட்டில் மக்கள் அதற்குக் கொடுத்த மறுமொழி 'அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்' என்ற முழக்கம். குண்டறை விளம்பரத்தைப் போலவே இம்முழக்கமும் இன்றுவரை கேரளத்தில் நினைவில் நிற்கிறது. அத்திட்டத்தின் பிரிவுகளை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலர். 1946 அக்டோபரில் புன்னப்புரவிலும் வயலாரிலும் நடந்த எழுச்சியும், அதன் மீது பாய்ந்த துப்பாக்கிச் சூடுகளும், ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையே பேச்சு என்பதே முறிந்துபோன நிலையைக் காட்டுகின்றன. இவற்றுக்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு, அதே ஆட்சி 'சுதந்திரம்' என்ற சொல்லை எடுத்தபோது, அதைக் கேட்டவர்களுக்கு அது எப்பொருளைத் தந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. திவானை ஆதரித்த குரல்களும் அன்று இருந்தன என்பது உண்மையே. எனினும் வரலாற்றின் போக்கைத் தீர்மானித்த குரல்கள் மறுபக்கம் இருந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய பகுதிகளின் தமிழர்கள் அக்காலத்தில் வேறொரு 'நாம்' பற்றிப் பேசத் தொடங்கியிருந்தனர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் உருவான ஆண்டுகள் 1945, 1946. திருவிதாங்கூர் என்பது ஒரு வரலாற்றுத் தேசம் என்ற திவானின் மொழியில், அத்தேசத்துக்குள் ஒரு மொழிவழிச் சமூகம் தன்னைத் தனியே காண்பதற்கு இடமில்லை. திவானின் தாய்மொழி தமிழ் என்பது இதில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. தனிநாடு நிலைபெற்றிருந்தால் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பன்னாட்டு எல்லை ஒன்று ஓடியிருக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் அத்தமிழ்ப் பகுதிகள் சென்னை மாநிலத்தில் இணைந்த வரலாறு வேறு வழியில் சென்றிருக்கும்.

6. ஜூலை 25

ஜூலை 20ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் சி.பி. தில்லியில் மௌன்ட்பேட்டனையும் சமஸ்தானத் துறைச் செயலர் வி.பி. மேனனையும் சந்தித்தார். பிற்காலத்தில் சமஸ்தான இணைப்பின் வரலாற்றை எழுதிய மேனன் ஒற்றப்பாலத்துக்காரர். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளை மட்டும் ஒப்படைக்கும் இணைப்பு ஆவணமே அங்கு முன்வைக்கப்பட்டது. 'இணைப்பு' என்ற சொல்லும் 'மட்டும்' என்ற சொல்லும் சேர்ந்து, இறையாண்மை கைவிட்டுப் போகவில்லை என்ற ஆறுதலை மன்னர்களுக்கு அளித்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் திருவிதாங்கூர் கொச்சியோடு ஒன்றானது. மூன்றாண்டுகள் நிறைவதற்குள் இந்திய அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 'மட்டும்' என்ற சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

சி.பி. தில்லியிலிருந்து திரும்பிய பின், ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கழக விழாவில் கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் அவரை வெட்டினார். மௌன்ட்பேட்டன் தில்லியில் மன்னர்களிடம் உரையாற்றியதும் அதே நாள். மக்களை விட்டு ஓட முடியாது என்று தில்லியில் சொல்லப்பட்ட நாளிலேயே, பேச்சின் வழிகள் அடைபட்ட ஓர் அரசியல் திருவனந்தபுரத்தில் வன்முறையாக வெளிப்பட்டது. இதைச் சொல்வது அவ்வன்முறையை நியாயப்படுத்துவதற்காக அன்று. சி.பி. உயிர்தப்பினார். ஜூலை முடிவதற்குள் இணைப்புக்கு மன்னரின் ஒப்புதல் தில்லிக்குச் சென்றது. ஆகஸ்டில் திவான் பதவி விலகினார். செப்டம்பரில் மன்னர் பொறுப்பாட்சியை அறிவித்தார். 'சுதந்திரம்' என்ற சொல் தோற்ற இடத்தில் 'பொறுப்பு' என்ற சொல் வந்து அமர்ந்தது.

7. சொற்களின் பிற்கால வாழ்வு

இக்கதை 1947இல் முடியவில்லை. இரண்டு தொடர்ச்சிகளைச் சுட்டுகிறேன்.

முதலாவது, பத்மநாபதாசன் என்ற சொல்லுடையது. 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றியம் உருவானபோது, சித்திரைத் திருநாள் பலராமவர்மா அதன் ராஜப்பிரமுகரானார். பத்மநாபனின் பெயரால் ஆளும் தாம் வேறோர் உறுதிமொழி எடுத்துக்கொள்ள இயலாது என்று அவர் கருதியதையும், உறுதிமொழிக்கு மாற்றாகக் கடிதம் ஒன்றை ஏற்பது என்று முடிவானதையும் மேனன் பதிவுசெய்துள்ளார். அப்போது ஏற்பட்ட உடன்படிக்கை, பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகத்தைத் 'திருவிதாங்கூர் ஆட்சியாளர்' வசம் விட்டது. 1971இல் மன்னர் பட்டங்களும் மானியங்களும் ஒழிக்கப்பட்டன. 1991இல் சித்திரைத் திருநாள் மறைந்தார். அதன்பின் 'ஆட்சியாளர்' என்ற சொல் யாரைக் குறிக்கும்? மன்னர் குடும்பத்தின் வாரிசை இனி அச்சொல் குறிக்காது என்று 2011இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 2020 ஜூலை 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, கோயிலை நிர்வகிக்கும் அக்குடும்பத்தின் மரபுரிமை நீடிக்கிறது என்றது. அரசதந்திரப் பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் மனநிறைவு கொள்வதற்காகத் தேர்ந்த ஒரு சொல், எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெருங்கோயிலின் நிர்வாகம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் சொல்லாகியது.

இரண்டாவது, சி.பி.யின் பிற்கால வாழ்வுடையது. 1960களின் தொடக்கத்தில் தேசிய ஒருமைப்பாடும் பிரதேசவாதமும் குறித்து ஆராயத் தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர் அவரே. அக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1963இல் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்போர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1947இல் இறையாண்மை என்ற சொல்லைத் திருவிதாங்கூருக்காக உரிமை கோரியவர், 1962இல் அதே சொல்லை இந்தியாவுக்கு மட்டும் உரியதாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். இதைக் கொள்கை மாற்றம் என்று எள்ளுவது எளிது. இரு முறையும் அவர் செய்தது வழக்கறிஞர் பணி என்றும், கட்சிக்காரர் மட்டுமே மாறினார் என்றும் கொள்வது அவரை இன்னும் நன்றாக விளக்கும் என்று நினைக்கிறேன்.

8. மாணவர்களுக்கு

தலைவர்களின் அரசதந்திர உரைகளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சொல்லணிகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். திருவிதாங்கூர் எடுத்துக்காட்டிலிருந்து மூன்று கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். ஓர் உரையில் 'நாம்' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த உரையால் பாதிக்கப்படுவோருள் யாரை நோக்கி ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை?

மூன்றாம் கேள்வியே மிகக் கடினமானது. பேசப்பட்டவை ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். பேசப்படாதவர்களைத் தேட முழக்கங்களையும் துண்டறிக்கைகளையும் மனுக்களையும் காவல்துறைக் குறிப்புகளையும் நாட வேண்டியிருக்கிறது. 1945 முதல் 1949 வரையான காலத்தின் தென்திருவிதாங்கூர்த் தமிழ்த் துண்டறிக்கைகளும் சிற்றிதழ்களும் இவ்வகையில் இன்னும் விரிவாகப் படிக்கப்பட வேண்டியவை. குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளிலும் வாசகசாலைகளிலும் அத்தகைய தாள்கள் இருப்பதாக அறிந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால், அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கும் வழிகளைக் கலந்து பேசலாம். கருத்து வேறுபாடுகளையும் ஆவணச் சான்றுகளோடு எழுதுங்கள், விவாதிக்கலாம்.